கிழக்கு வேண்டாம்

அக்டோபர் கடைசியில் ஒத்தீலியா
கடற்கரை ஊரிலிருந்து பேருந்தில் வந்தாள்.
ஓரென்சே வரை இரண்டு சீட்டு வாங்கினாளாம்,
ஒன்று அவளுக்கு,
ஒன்று தொட்டியில் உட்கார்ந்திருந்த கமேலியாவுக்கு.

பதினோரு வருடம் பேசாத அக்கா
வாசலில் நின்று முதலில் கேட்டது:
"சபேலா, இதை எங்கே வைப்பது?"

சமையலறை ஜன்னலுக்கு நேரே என்றாள்.
பாத்திரம் துலக்கும்போது பூ தெரிய வேண்டுமாம்.
அது கிழக்கு, வேண்டாம் என்றேன்.
ஜனவரியில் மொட்டு இரவெல்லாம் உறைந்து கிடக்கும்.
விடிந்ததும் வெயில் நேரே முகத்தில் அடித்தால்
உள்ளே பழுத்துக் கறுத்து
திறக்காமலே விழுந்துவிடும்.
குளிர் கொல்வதில்லை,
அவசரமாய் உருகுவதுதான்.

சொல்லிவிட்டு
நானே வாயை மூடிக்கொண்டேன்.
அவள் தொட்டியின் விளிம்பை
முந்தானை இல்லாத ஊரில்
கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்றி
வீட்டைச் சுற்றி வந்தோம்.
தெற்குச் சுவருக்குப் போன கோடையில்தான்
சுண்ணாம்பு அடித்தேன்.
மழையில் வழிந்து மண்ணில் இறங்கியிருக்கும்;
இந்தச் செடிக்குச் சுண்ணாம்பு ஆகாது.
வால்நட் மரத்தடியில்
நிழல் நல்லது, வேர் பொல்லாதது.
தானியக் கிடங்கின் கல்தூண்களருகே போனதும்
"இங்கேதான் அப்பா என்னை" என்று தொடங்கினாள்.
முடிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
வண்டி தானாகத் திரும்பியது போலத் திரும்பியது.

கடைசியில் மேற்கே,
விறகுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம்.
யாரும் ஆசைப்படாத மண்.
குளிர்காலத்தில் பதினொன்றுக்கு மேல்தான்
வெயில் எட்டிப் பார்க்கும்.
"உன் நிலம், நீ சொல்" என்றாள்.

என் பெயர் மட்டும் இருந்த உயில்
எங்கள் இருவருக்கும் நடுவே
கொஞ்ச நேரம் நின்றது.
கடப்பாரையை அவள் கையில் கொடுத்தேன்.

ஓட்டுச் சில்லு. பாதி ஸ்பூன்.
எந்த சைக்கிளின் மணியோ, இன்னும் ஒலித்தது.
குழியின் அகலம் தொட்டியைப் போல் இரண்டு பங்கு,
ஆழம் ஒரு விரல் குறைவு:
கழுத்து மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.
தொட்டியைக் கவிழ்த்தபோது பார்த்தோம்,
வேர் சுற்றிச் சுற்றித்
தன்னையே கட்டிப்போட்டிருந்தது.
ரொட்டி வெட்டும் கத்தியால்
மூன்று இடத்தில் கீறினாள் ஒத்தீலியா,
கண்ணை மூடிக்கொண்டு.

மதிலுக்கு மேலே பிளாசிதோவின் தொப்பி:
"தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை இது.
கொதிக்க வைத்தால் குடிக்கலாமா?"
"முதலில் பிழைக்கட்டும்" என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.
எங்களுக்கே திடுக்கென்றது.

மண்ணை மிதித்தோம், தண்ணீர் விட்டோம்,
பைன் ஊசிகளை அள்ளி மூடினோம்.
ஞாயிறு பேருந்தில் அவள் போய்விட்டாள்,
ஒரு சீட்டில்.

எட்டு மொட்டில் ஐந்தை
இடம் மாறிய கோபத்தில் செடி உதிர்த்தது.
ஜனவரி பதினேழு,
காலடியில் புல் கண்ணாடியாய் நொறுங்கியது.
மீதி மூன்றும் வெள்ளையாய் விறைத்திருந்தன.
கை வைக்கவில்லை, ஊதவில்லை.
பதினொன்று பத்துக்கு
வெயில் கொட்டகைக் கூரையைத் தாண்டியபோது
அவை ஏற்கனவே நனைந்திருந்தன.

தொலைபேசியில் அக்கா கேட்டாள்:
"என்ன நிறம்?"
பெயர்ச்சீட்டின் மை வழியிலேயே கரைந்திருந்தது.
இன்னும் தெரியவில்லை என்றேன்.
"சமையலறையிலிருந்து பார்த்தால் தெரிகிறதா?"

தெரியாது.
கோட்டு மாட்டிக்கொண்டு
நடந்து போனால்தான்.