பிரேக் பிடிக்கும் கை

ஹிஷினுமா கடையில் மூங்கில் வாள்கள்
நனைந்த குடைகள்போல் பீப்பாயில் நிற்கின்றன.
பூட்ஸ் பனியை உதறிவிட்டு உள்ளே போனேன்.
"கெண்டோ எத்தனை வருஷமாக?"
"மூன்று. அதில் இரண்டு
முழங்கை வலியோடு."

என் பழைய வாளை வாங்கி
பிடியை மட்டும் பார்த்தார்,
தேய்ந்த குதிகாலை வைத்தே
நடையைச் சொல்லிவிடுகிறவர் மாதிரி.
"இது பெரிய கைக்குச் செய்தது."
கடன் வாங்கியது என்று நான் சொல்லவில்லை.

முதலில் உருண்டைப் பிடி ஒன்று.
கைக்குள் சுழன்றது.
கூர் எந்தப் பக்கம் என்று
விரல்களுக்குத் தெரியவில்லை.
(மூங்கிலுக்கு ஏது கூர் என்று கேட்காதீர்கள்.
நூல் ஓடும் பக்கம் முதுகு,
எதிர்ப்பக்கம் வெட்டும்.
அப்படி நம்பிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் இது.)

அடுத்தது எட்டுப் பட்டை வைத்தது.
ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நாற்காலி போட்டு
உட்காருங்கள், உட்காருங்கள் என்றது.
அவ்வளவு உபசாரம் தாங்காது.

மூன்றாவது நீள்வட்டம்.
கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும்
தன் திசையைத் தானே சொன்னது.
இடது சுண்டுவிரல் அடியில் போய்ப்
பூனைபோல் சுருண்டுகொண்டது.
பிடித்திருந்தது.
ஐயாயிரத்து முந்நூறு யென்.

செவ்வாய் இரவு
கையுறை மாட்டி அதே வாளை எடுத்தால்
யாருடையதோ!
மான்தோலும் பஞ்சும் நடுவில் நின்று
வாள் சொன்னதை எனக்கு
மாற்றி மாற்றிச் சொல்லின.
பல் டாக்டர் குரிமோட்டோ
என் தலையில் நான்கு முறை அடித்தார்,
ஒவ்வொன்றும் சொத்தையைத் தட்டிப் பார்க்கிற துல்லியத்தில்.

வியாழன் விடுமுறை.
கையுறைகளைப் பையில் போட்டுக்கொண்டு
நான் ஓட்டும் டிராமில் நானே பயணியாய்ப் போனேன்.
எத்தனை முடிச்சுப் போட்டாலும்
மூன்று வருஷ வியர்வை,
வெயிலில் மறந்த நாட்டோபோல்.
பக்கத்திலிருந்த மாணவி
அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிற பாவனையில்
இடம் மாறினாள்.

"எல்லாரும் இரண்டாம் தடவைதான்
கையுறை கொண்டுவருவார்கள்" என்றார் ஹிஷினுமா.
முதலிலேயே சொல்லக் கூடாதா?
"சொன்னால் இரண்டாம் தடவை யார் வருவார்?"

இந்த முறை கையுறையோடு
பீப்பாய் முழுக்கத் துழாவினேன்.
கடைசியில் நின்றது ஒல்லி வாள் ஒன்று.
வெறுங்கைக்கு மீன்முள்ளாய் உறுத்துகிறது.
கையுறைக்குள் கச்சிதம்.
பழையதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்,
ஐந்நூறு யென் குறைத்து,
தலை தாழ்த்தி.

ஆறு வாரம் ஆயிற்று.
பிடியின் வெள்ளைத் தோலில்
கையுறையின் அவுரி இறங்கியிருக்கிறது.
அடியில், இடது கை இருக்குமிடத்தில், வெளிர் நீலம்.
மேலே, வலது கை இருக்குமிடத்தில்
மை கொட்டியதுபோல் கருநீலம்.

தலைகீழ்.
இடது பிடிக்க வேண்டும்,
வலது கூடப் போனால் போதும்:
முதல் நாள் பாடம் அது.
வாளை மாற்றினேன், தடிமனை மாற்றினேன்,
வடிவத்தை மாற்றினேன்.
எல்லாப் பிடிகளிலும் இருந்தது
இந்தக் கையின் பிடிவாதம்.

என்ன செய்ய?
பதினான்கு வருஷமாக ஹகோதாதேயில்
இடது கை வேகம் கூட்டுகிறது, வலது கை நிறுத்துகிறது.
ஜூஜிகாய் வளைவில் தண்டவாளம் உறைந்த காலையில்
தொப்பிக்குப் பின்னால் ஓடிவந்த பையனுக்கு முன்
வண்டியை நிறுத்தியது இந்தக் கைதான்.
நான் முடிவெடுக்கும் முன்பே.
அதனிடம் போய்
தளர்ந்திரு என்று எந்த வாயால் சொல்வது?

செவ்வாய்க்கிழமை மட்டும் என்று கேட்டிருக்கிறேன்.
இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை.

முழங்கை இன்னும் வலிக்கிறது, குறைவாக.
இன்று துடைக்கும்போது பார்த்தேன்:
வலது கையின் புதுத் தடம்
ஒரு சாயல் வெளுத்திருக்கிறது.
கையுறையில் சாயம் தீர்ந்துமிருக்கலாம்.