கூட்டுப் பணம்

எஸ்டேட்டு லோரியைப் பின்னால் எடுத்தான் குணாளன்.
கோயில் மதிலோரம் நின்ற என் சாகாவின்
இடது கதவு உள்ளே போயிற்று.
"போலீசு வேண்டாம்க்கா,
லைசன்ஸ் முடிஞ்சிருச்சு."
போகவில்லை.

பகாவ் பட்டறையில் ஆ லெங்
கதவை விரலால் தட்டிக் கேட்டுவிட்டு
சிகரெட்டு அட்டையில் எழுதித் தந்தார்:
எண்ணூற்று அறுபது வெள்ளி. சாயம் தனி.

அட்டையைப் படமெடுத்து அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு.
மூன்று வாரமாய் அதே நீலக் கோடு.
பசாரில் என்னைக் கண்டால்
கணவாய்த் தட்டின்மேல் குனிந்துகொள்கிறான்;
கணவாய் தின்றால் அவனுக்கு உடம்பெல்லாம் தடிக்கும்,
எனக்குத் தெரியாதா?

நேற்று இருட்டியபின் வந்தாள் அவன் மனைவி ரேவம்மா.
உட்காரவில்லை.
உறையை நீட்டி, எண்ணச் சொன்னாள்.
சாயத்துக்கும் சேர்த்தே இருந்தது.
"கழிவு போனாப் போகுதுன்னு
இந்த மாசக் கூட்டை எடுத்துட்டேன்க்கா.
அவருகிட்ட மூஞ்சியக் காட்டாதீங்க."

பதினோரு பேர் கூட்டு.
நானும் ஒருத்தி.

அவள் போனபின் விளக்கடியில் பார்த்தேன்:
ஒரு நூறு வெள்ளித் தாளின் ஓரத்தில்
அரிசி, பருப்பு, கேஸ் என்று
என் கையெழுத்து.

ஐந்தாம் தேதி
அடுத்த கூட்டு கட்டவேண்டும்.