இரண்டு மில்லிமீட்டர் ஊதா

காகிதப்பட்டறையில்தான் கடை,
அடிப்பதெல்லாம் பிளாஸ்டிக் ஸ்டிக்கர்.
மே மாதம், பதினொன்றரை மணி.
ஃபேன் அதே அனலைத்தான்
திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது.
திரையில் ஒரு முள்ளுக்கத்தரிக்காய்.

இலவம்பாடி ரூபாவதி அக்காவின்
தொக்கு பாட்டிலுக்கு லேபிள்.
காய் வடிவத்திலேயே வெட்ட வேண்டும்,
காம்பும் முள்ளும் தெரிய வேண்டும்,
ஆயிரம் போதும், காசு பிறகு.

போன முறை கோட்டோடு நிறுத்தியிருந்தேன்.
வெட்டும் கோடு எங்கே முடிகிறதோ
ஊதாவும் அங்கேயே.
திரையில் அது அழகு.
டையில் வேறு கதை.
தனக்கோட்டி அண்ணன் எத்தனை கவனமாய் ஷீட் வைத்தாலும்
கத்தி ஒரு மயிரிழை கிழக்கே போகும்.
ஆயிரம் காய்க்கும் கிழக்கு இடுப்பில்
வெள்ளையாய் ஒரு பிறை.
"என்னம்மா, காய்க்குப் பாவாடை தெரியுது?"
என்றார் அக்கா.
இம்தியாஸ் பாய் ஒன்றும் சொல்லவில்லை.
பில்லைக் கிழித்தார்.
அந்தச் சத்தம் போதுமாக இருந்தது.

எனவே இந்த முறை ப்ளீட்.
வேலூரில் ப்ளீட் என்று சொன்னால்
டீக்கடைக்காரர்கூட "எந்த வார்டு?" என்பார்.
இது அது இல்லை.
நிறம் மட்டும் கோட்டைத் தாண்டி
அகழி மாதிரி ஒரு சுற்று நிற்கும், அவ்வளவுதான்.

விளிம்பைத் தேர்ந்தெடுத்து
கான்டூர், வெளிப்பக்கம், இரண்டு மில்லி.
எண்டர் தட்டினேன்.
காய் அடக்கமாய்ப் பருத்தது.
முட்கள் அடங்கவில்லை.
ஒவ்வொன்றும் கூர் விடாமல் நீண்டு
பக்கத்து லேபிளின் வயிற்றில் ஏறிற்று.
வெளியே தள்ளினால் வளைவு பருக்கும்,
மூலை பாயும்.
எங்கள் குடும்பத்தில் இரண்டு மாமாக்கள் இப்படி.

மூலையை உருண்டையாக்கினேன்.
முள்ளுக்கெல்லாம் தொப்பி போட்டதுபோல் ஆனது.
பரவாயில்லை, தொப்பி குப்பைக்குத்தான் போகும்.
வெட்டும் கோட்டை மட்டும் கூர்மையாகவே
ரோஸ் நிறத்தில், தனி லேயரில், பூட்டி வைத்தேன்.

அணைக்கட்டு பஸ்ஸின் புழுதியோடு
அக்கா சரிபார்க்க வந்தார்.
"ஏம்மா, என் காய ஊத வெச்சிட்ட?"
ஊதினது வெட்டுல போயிடும் அக்கா.
"வெட்டிப் போடற ஊதாவுக்கும் நான்தான் காசா?"
ஆமாம் அக்கா.
"யார் கண்லயும் படாதே?"
படாது. பட்டாதான் தப்பு.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"சூட்டோட ஊத்தறப்போ வாய்வரைக்கும் ஊத்துவோம்.
ஆறினா ஒரு விரல் எறங்கும்."
என்னிடம் சொன்னாரா
தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.
ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டார்.
ரூ, ஒரு புள்ளி.
தொகை எழுத மறந்த பில் மாதிரி இருந்தது.

மூன்று மணிக்குத்தான் கரண்ட் வந்தது.
தனக்கோட்டி அண்ணன் மெஷினை ஓட்டினார்.
கத்தி அன்றைக்கும் கிழக்கேதான் போனது.
அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது.
காய்க்குத் தெரியவில்லை.
இடுப்பு வரை, முள் வரை,
முள்ளின் நுனி வரை ஊதா.

உரித்தபின் மிஞ்சிய தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
வரிசை வரிசையாய்க் காய் வடிவத்தில் ஓட்டைகள்.
ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும்
கிழக்கே மெல்லிசாய், மேற்கே தடிப்பாய்
ஓர் ஊதா விளிம்பு.
காலையிலிருந்து நான் வரைந்தது
இதைத்தான்.

அண்ணன் அதை வாங்கிச் சுருட்டப் போனார்.
பசை விடவில்லை.
முழங்கையில் ஒட்டியது,
உதறினால் சட்டையில் ஒட்டியது,
சட்டையிலிருந்து பிய்த்தால்
அடுத்த கைக்குப் போனது.
"யாரு இத இவ்ளோ அகலமா வெச்சது?"

ரெண்டு மில்லி, அண்ணா.