பத்து எண்ணும்வரை

வாசலில் பொம்மை நிற்கிறாள்,
ஒருபக்க இடுப்பில் முழு உடம்பையும் சாய்த்து.
அப்படி நிற்கத்தான் கூடாது என்கிறார்
ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ஹெப்சிபா டாக்டர்
(டாக்டர் இல்லம்மா, பிசியோ, என்பார் ஒவ்வொரு தடவையும்).

பாவாடை நாடாவுக்கு ஒரு சாண் கீழே
தொடையின் வெளிப்பக்கம்
கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.
பல் கூசியது எனக்கு.
எலும்பின்மேல் சின்னதாய் ஒரு பை இருக்காம்,
தசை உரசாமல் வழுக்கிக்கொடுக்க.
அது வீங்கிக் கிடக்கிறதாம்.
பதினாறு வருஷம் பட்டுப் பிரிவில் நின்றதில்
எனக்கென்று நிறைந்த பை அது ஒன்றுதான் என்றேன்.
சிரிக்காமல் சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஒருக்களிச்சுப் படுங்க. வலிக்காத பக்கம் கீழே.
குதிகால் ரெண்டும் ஒட்டியே இருக்கட்டும்.
முட்டியை மட்டும் திறங்க, சிப்பி மாதிரி.
பத்து எண்ணி மூடுங்க.

வியாசர்பாடி ஒற்றை அறையில்
பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே
திறக்கிறேன், மூடுகிறேன்.
சார்ஜர் எடுக்க என்னைத் தாண்டிப் போகிறான் பையன்.

மாம்பலம் ஸ்டேஷன் படியில்
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.
பின்னால் வருகிறவர்களுக்கு இது தெரியாது.
தீபாவளிக் கூட்டத்துக்கு எந்தக் காலும் தெரியாது.

உட்காரலாம் என்று சட்டம் வந்த வருஷம்
கடைக்கு ஸ்டூலும் வந்தது.
இப்போது அதில் ஜாக்கெட் பிட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.
சூப்பர்வைசர் தணிகாசலம் நல்ல மனுஷர்தான்,
கஸ்டமர் இல்லாதப்போ உக்காருக்கா என்பார்.
கஸ்டமர் இல்லாதபோது ஷட்டர் இறங்கியிருக்கும்.

நேற்று நிச்சயதார்த்தத்துக்கு எடுக்க வந்த குடும்பம்
நாற்பத்தோராவது புடவையைப் பிரிக்கச் சொன்னபோது
கவுண்டருக்குக் கீழே
வலது காலைப் பக்கவாட்டில் தூக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.
'இதே அரக்குல பார்டர் மட்டும் சின்னதா?'
ஏழு. எட்டு. இருக்குங்க மேடம். ஒன்பது.

எப்போது சரியாகும்?
விடாமல் செய்தால் மூன்று மாதம் ஆகலாமாம்.
எங்கள் கடையில் மாற்றித் தரவே ஏழு நாள்தான்.

நான்கு மாதமாய் இடப்பக்கமே படுக்கை.
முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை, எதிரே சுவர்.
காலண்டருக்குப் பின்னாலிருந்து
பல்லி எத்தனை மணிக்கு வரும் என்பது மனப்பாடம்.

இன்று விடிகாலை, தூக்கத்திலேயே
வலப்பக்கம் புரண்டிருக்கிறேன்.
எவ்வளவு நேரமோ, எண்ணவில்லை.
கண் விழித்தால் எதிரே அவர்,
வாயைத் திறந்துகொண்டு.
மீசையில் எப்போது இவ்வளவு நரை?
அவர் முட்டிகளுக்கு நடுவே
என் தலையணை.