ஞாயிறு இரவுக்குள்

சனிக்கிழமை, ஒன்பதரை.
மேசையில் நேற்றைய நாளிதழ்.
வீடு விற்பனைப் பக்கம் மேலே வந்திருக்கிறது.
நல்லதாயிற்று,
சிந்தினால் மில்லியன் வெள்ளி வீடுகள்மேல் சிந்தட்டும்.

ஏழு குப்பி. இரண்டு பல்குச்சி.
பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சின் ஒரு மூலை.
நிமிர்த்திய ஹேர்பின், புள்ளி வைக்க.

வாரம் ஐந்தரை நாள்
மற்றவர் விரல்நுனியில்தான் என் பிழைப்பு.
தெம்பனிஸ் பலதுறை மருந்தகம்,
ரத்தப் பரிசோதனை, மூன்றாம் முகப்பு.
'ஒரு சின்னக் குத்துதான்' என்று
நான்கு மொழியில் பொய் சொல்லத் தெரியும்.
கப்பல் பட்டறைக்காரரின் நகக்கண்ணில் கிரீஸ்.
மீன் விற்கும் பெண்ணின் கட்டைவிரலில்
ஒட்டியபடியே வந்திருந்த ஒரு செதில்.
கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தவள்
முத்துப் பதித்த நகத்தை நீட்டிவிட்டு
முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள்.
எனக்கோ கையுறைக்குள்ளும் நிறம் கூடாது.
திங்கள் காலை மேற்பார்வையாளர்
கையைப் புரட்டிப் பார்ப்பார், கோழி வாங்குகிறவர்போல.

அதனால் இந்த ஓர் இரவும் ஒரு பகலும்.

இடக்கை எளிது. வலக்கை வரைந்துவிடும்.
கட்டைவிரலில் கறுப்பு பூசி
எதிர் புளோக்கின் தாழ்வார விளக்குகள்,
மாடிக்கு மூன்று புள்ளி.
ஆள்காட்டியில் ரம்புத்தான்: சிவப்பின்மேல் பச்சை மயிர்.
நடுவிரலில் பீங்கான் தட்டின் ஓரப்பூ,
நான்காம் இதழோடு பொறுமை போயிற்று.
மோதிரம் இல்லாத மோதிரவிரலில் ஒரு மைனா.
மைனா என்று நான்தான் சொல்லவேண்டும்.
கால் முளைத்த காற்புள்ளி அது.
சுண்டுவிரலுக்கு வெறும் மஞ்சள்.

வலக்கையின் முறை வரும்போதுதான் வம்பு.
என் இடக்கைக்கு எழுத்தறிவு கிடையாது.

தருணேஷ் குளித்துவிட்டு வருகிறான்.
தெக்கோங்கிலிருந்து மதியம்தான் திரும்பினான்.
மொட்டைத் தலை. தேய்த்தும் போகாமல்
காதுக்குப் பின்னால் கொஞ்சம் காட்டுப்பச்சை.
'கொடுங்கம்மா, அந்தக் கைய.'

தரையில் உட்கார்ந்து
என் விரலைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொள்கிறான்.
'மூச்ச விடணும், பாதியில நிறுத்தணும்.
அந்த இடைவெளியிலதான் கை ஆடாது.'
எதற்காக அதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.
அவன் நிறுத்திய மூச்சு
என் நகத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கிறது.
நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

பழுப்பு என்னிடம் இல்லை.
சிவப்பையும் பச்சையையும் கலந்துகொண்டான்.
ஐந்து விரலுக்கும் திட்டுத் திட்டாக
அவன் சீருடை.
'எனக்கு இதுதாம்மா வரும்.'
ஃபேனுக்கு நேரே கையை நீட்டினேன்.
ஒரு கை திருவிழாவுக்குக் கிளம்பியிருந்தது,
இன்னொன்று புதருக்குள் ஒளிந்திருந்தது.

ஞாயிறு ஏழு மணி.
அவன் பூட்ஸுக்கு மெருகு போடுகிறான்.
நான் பஞ்சில் அசிட்டோன் நனைக்கிறேன்.
கூடம் முழுக்க இரண்டு மணமும் சண்டை போடுகின்றன.
மைனா முதலில் போனது. புதர்தான்
போகமாட்டேன் என்று ஓரங்களில் பதுங்கியது.
அவனுக்கும் நகச் சோதனை உண்டாம்,
வெள்ளை தெரிந்தால் தண்டனையாம்.

காலுறை மாட்டப்போனவனை
'இருடா' என்றேன்.
இடக்கால் சுண்டுவிரல் நகம்,
ஓர் அரிசியளவுகூட இல்லை.
மஞ்சள், ஒரே இழுப்பு.
'அம்மா!' என்றான். சிரித்தான்.
காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.
ஊதி ஊதிக் காயவைத்தேன்.
பாசிர் ரிஸ் பேருந்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

புதன்கிழமைதான் பார்த்தேன்,
அவசரத்தில் மஞ்சள் குப்பியை
நான் சரியாக மூடவில்லை.
உள்ளே எல்லாம் கட்டியாகிவிட்டது.
எல்லாமே இரண்டு வெள்ளி என்று சொல்லிவிட்டு
சில்லறையும் சேர்த்துக் கேட்கும் அந்தக் கடையில்
வேறொன்று வாங்கவேண்டும்,
சனிக்கிழமைக்குள்.