பெருவிரல்

நூற்றுப் பதினெட்டு கிலோ. மூன்றாம் முயற்சி.
கம்பி தொடையை உரசி எழும்பும்போது
உள்ளே ஏதோ
ஈரத்துணி கிழிவதுபோல்.
முதலில் வலியில்லை, சத்தம்தான்.
அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.
பக்கத்தில் நின்ற மெருஜான்கூட
வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

படத்தை ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டினாள் நெல்லி.
வெளியே கியூம்ரியின் பனி.
பனியின்மேல் என் முதுகு,
இந்த ஊர்க் கருங்கல் சுவர்போல வரிசை வரிசையாக.
நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்
பிதுங்கி நிற்கும் சாந்து.
"வட்டு விலகியிருக்கிறது."

பதினான்கு வருடமாக
வட்டுகளைக் கம்பியில் கோத்தவள் நான்.
இருபக்கமும் பூட்டு இறுக்காமல்
ஒருநாளும் கைவைத்ததில்லை.
இந்த ஒரு வட்டுக்கு மட்டும்
பூட்டு கிடையாதாம்.

மூன்று வாரம் தரையில் கிடந்தேன்,
கெண்டைக்கால்களை நாற்காலிமேல் ஏற்றி.
தூக்குவது நின்றதும்
தூக்கமும் நின்றது.
மேலே விரிசல் ஒன்று
விளக்கில் தொடங்கிச் சுவரில் முடிந்தது.
தினமும் அதன்வழி போய் வந்தேன்.

பிறகு, காலுறை.
எடை இருபது கிராம் இருக்கும்.
முதல் முயற்சி: தோல்வி.
இரண்டாவது: விரல்நுனிவரை போனது, விழுந்தது.
மூன்றாவதில் வியர்த்துவிட்டது.
மூன்று விளக்கும் சிவப்பு.
மெருஜான்தான் மண்டியிட்டு மாட்டிவிட்டு
ஷூ கயிற்றையும் கட்டினான்.
போன வருடம் மேடையில் வெண்கலம் வாங்கியவன்,
முடிச்சு போடும்வரை
நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தும்மல் வருவது தெரிந்தால்
சுவரைத் தேடுவேன்.
குழந்தை தும்மினால் நூறு ஆயுசு என்கிறார்கள்.
எனக்கு ஒவ்வொரு தும்மலுக்கும்
ஒரு வருடம் கழிந்துகொண்டிருந்தது.

நெல்லி கையில் கொடுத்தது துடைப்பக்கட்டை.
"இடுப்பைப் பின்னால் தள்ளு.
இன்னும்.
கதவை இடுப்பால் சாத்துகிற மாதிரி.
முதுகிடம் எதையும் கேட்காதே."
இடுப்புக்கு என்ன தெரியும்?
இத்தனை நாள் அது வேலையே செய்யவில்லை,
முதுகின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நடக்கவும் சொன்னாள்.
ரொட்டிக்கடைவரை நானூற்றுப் பன்னிரண்டு அடி,
திரும்ப ஐந்நூறு. வலி அடியைச் சுருக்கிவிடும்.
கடையில் குழியடுப்பு. அதன் விளிம்பில் ஒருத்தி
மாவை மெத்தையில் விரித்து,
தலைகீழாக நெருப்புக்குள் குனிந்து,
சுவரில் அறைந்து, எழுந்து,
மறுபடி குனிந்து.
எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பது.
எடைப்பட்டை இல்லை. சுண்ணப்பொடி இல்லை.
கை தட்ட ஆளில்லை.
"முதுகு வலிக்காதா?" என்றேன்.
"எந்த முதுகு?" என்றாள்.
ரொட்டிக்குக் காசு வாங்கினாள்.

மார்ச் முடிவில் வெறும் கம்பி. பதினைந்து கிலோ.
கூடத்தில் எல்லோருக்கும் திடீரென்று
வேறு பக்கம் வேலை வந்துவிட்டது.
தூக்கினேன். வைத்தேன்.
பதினாறு வயதில் இதைச்
சூடேற்றிக்கொள்ள எடுப்பேன்,
பேசிக்கொண்டே.
அணிப் பட்டியலில் ரஃபிக் என் பெயரைப்
பென்சிலால் எழுதியிருக்கிறார்.
அழிக்கவும் இல்லை, மையால் எழுதவும் இல்லை.
நூற்றுப் பதினெட்டு பற்றி
நாங்கள் பேசுவதில்லை,
செத்தவர் வீட்டில் கடனைப் பற்றிப் பேசாததுபோல்.

ஒன்று சொல்லாமல் விட்டேன்.
இடது பெருவிரல்.
அன்றைக்குப் போனது, திரும்பவேயில்லை.
கிள்ளினால் யாரையோ கிள்ளுவதுபோல்.
நெல்லி ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்பாள்,
நான் அவள் முகத்தைப் பார்த்துப்
பதிலைத் திருடுவேன்.

இன்று காலை தும்மினேன்.
சுவர் கைக்கு எட்டவில்லை.
நின்றேன், வரவேண்டியது வரட்டும் என்று.
ஒன்றும் வரவில்லை.
கெண்டி கொதிக்கிற சத்தம் மட்டும்.
ஏப்ரலிலும் பனி கொட்டும் ஊர் இது.
அடுக்களைத் தரை கல்.
வெறுங்காலோடு நிற்கிறேன் என்பது அப்போதுதான்
தெரிந்தது,
எங்கோ தூரத்தில் ஒரு புள்ளி குளிர்ந்ததால்.
குனிந்து பார்த்தேன். குனிந்து.
இடது பெருவிரல்.

நெல்லியைக் கூப்பிட்டேன்.
"குளிர்கிறது," என்றேன், "பெருவிரல் குளிர்கிறது."
தூக்கக் கலக்கத்தில் அவள்
காலுறை போட்டுக்கொள் என்றாள்.

போடவில்லை.