ஏழு ஐம்பத்தைந்து

இருநூற்றிப் பதினான்காம் எண் ஆய்வகத்தின்
சாவி என்னிடம் இருக்கிறது.
மணிக்குப் பதினெட்டு திர்ஹம்.
பஸ் காசு போக
மாதக் கடைசியில் ஒரு ஷவர்மா மிஞ்சும்.

எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும்.
ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து நின்று சொல்வேன்:
யல்லா, குளோசிங்.
யாரும் அசையமாட்டார்கள்.
இரண்டாம் முறை சொல்வேன்.
ஹுமைத் மட்டும் "டூ மினிட்ஸ்" என்பான்.
அந்த இரண்டு நிமிடத்தில்
ராசல் கைமாவின் சிமெண்ட் லாரிகளில் பாதி
மலையிறங்கிவிடும்.

தேர்வுகள் முடிந்ததும்
கீழ் இழுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.
மறந்தது, தவறியது,
வேண்டாமென்று விட்டுப்போனது
எல்லாம் அதில்தான் விழும்.

முதலில் கைக்கு வந்தது குரோஷே ஊசி.
சியானாவுடையது.
அசெம்பிளி மொழி வகுப்பில்
மேசைக்கடியில் ஆமை பின்னுவாள்.
ஊசியைக் கொடுத்தபோது
நன்றி சொல்லவில்லை.
"ஆமை கிடைக்கலையா?"

அடுத்து, எண் பொறித்த ஒரு புறா வளையம்.
ஹுமைத் வீட்டு மாடியில் அறுபது புறாக்கள்.
அவனுடைய இறுதியாண்டுத் திட்டம்
தானே வீடு திரும்பும் ட்ரோன்.
நான்கு மாதமாகத் திரும்பவில்லை.
புறாக்கள் திரும்புகின்றன.
இதை அவனிடம் யாரும் சொல்வதில்லை.

எபநேசரின் தூண்டில் ஈயக்குண்டு
சாலிடர் கம்பிச் சுருளுக்குள் கிடந்தது.
போன மாதம் எதை உருக்கினோம் என்று
இனி தெரியப் போவதில்லை.
பச்சை டேப் சுற்றிய டென்னிஸ் பந்துக்கு
ஏழு பேர் சொந்தம் கொண்டாடினார்கள்.

வெப்பவியல் விடைத்தாளின் பின்பக்கத்தில்
சிடேராவின் விலைப்பட்டியல்:
தோள் வரை பின்ன எண்பது,
இடுப்பு வரை நூற்றைம்பது.
கீழே பொடி எழுத்தில்
கட்டணத்துக்கு இன்னும் இருபத்தேழு தலை.

அடியில், பெயரில்லாத ஒரு பென் டிரைவ்.
யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தேன்.
அது பாதி உண்மை.

நானூற்றுப் பன்னிரண்டு ஒலிகள்.
எதற்கும் பெயரில்லை, தேதியும் நேரமும் மட்டும்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.
லிஃப்ட் பெருமூச்சு விட்டது.
வண்டியிலிருந்து இறங்காமலே
கரக் டீ கேட்கிற ஹார்ன்.
ஏசி நின்ற நொடியில்
முப்பது பேர் ஐந்து மொழியில் போட்ட ஐயோ.
மழை. வருஷத்துக்கு இரண்டு நாள் பெய்யும் மழைக்கு
பதினோரு கோப்புகள்.
விடுதி மாடிப்படியில் யாரோ வீட்டோடு பேசுகிறார்கள்.
எந்த மொழி என்று பிடிபடவில்லை.
சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்கிற
ராகம் மட்டும் தெரிந்தது.

பிறகு, ஏழு ஐம்பத்தைந்து.
தொண்டை கட்டிய ஒரு பெண்:
யல்லா, குளோசிங்.
அது நான் என்று தெரிய
மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

அடுத்ததும் ஏழு ஐம்பத்தைந்து.
அதற்கடுத்ததும்.
பத்தொன்பது மாலைகள்.
ஒன்றில் இருமுகிறேன்.
ஒன்றில் யாரையோ பார்த்துச் சிரித்திருக்கிறேன்,
அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகமில்லை.
ஒன்றில் "யல்லா" என்று சொல்லி
அதோடு நின்றுபோகிறேன்.
விசிறி சுற்றுகிறது, நாற்காலி இழுபடுகிறது,
நான் பேசவில்லை.
தேதியைப் பார்த்தேன். மார்ச் ஒன்பது.
அன்று காலையில்தான்
அப்பாவின் கம்பெனி
பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது.
வகுப்பில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

பென் டிரைவை
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
இழுப்பறை காலி என்று
படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

புதிய பருவத்தின் முதல் நாள்.
மூன்றாம் நாள் என்றும் சொல்லலாம்,
முதல் இரண்டு நாள் யாரும் வருவதில்லை.
எல்லா முகங்களும் திரையின் நீலத்தில் இருந்தன.
யாருடைய போன் எங்கே கவிழ்ந்திருக்கிறது என்று
நான் தேடவில்லை.
எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்,
இதுவரை செய்யாத வேலை.

யல்லா, குளோசிங்.

"டூ மினிட்ஸ்," என்றான் ஹுமைத்.

எடுத்துக்கோ, என்றேன்,
தமிழில்,
கொஞ்சம் தெளிவாக.